மலம் கழிக்கும்போது வலியும் ரத்தமும்: எல்லாமே மூலம்தானா?

உங்கள் கேள்வி சுருக்கமாக இது. எட்டு மாதமாக மலம் கழிக்கும்போது கத்தி வைத்துக் கீறுவது போல வலி. கழுவும்போது கொஞ்சம் சிவப்பாக ரத்தம். எழுந்து வந்த பிறகும் ஒன்றிரண்டு மணி நேரம் கடுகடுவென்று இருக்கிறது. மூலம் என்று நீங்களே முடிவு செய்து, மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய களிம்பை விட்டுவிட்டுப் போட்டு வருகிறீர்கள். டாக்டரிடம் காட்டக் கூச்சம். ஆபரேஷன் என்று சொல்லிவிட்டால், அப்புறம் மலத்தை அடக்கவே முடியாமல் போய்விடுமோ என்று பயம். இது மூலம்தானா, லேசரில் ஒரே நாளில் சரியாகிவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் பெரும்பாலும் இந்தப் பகுதி நோய்களையே பார்க்கிற அறுவை மருத்துவர். நேரில் பார்க்காமல் முடிவாகச் சொல்ல முடியாது. ஆனாலும் நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், உங்களுக்கு இருப்பது மூலம் அல்ல, ஆசனவாய் வெடிப்பு என்றுதான் தோன்றுகிறது. ஃபிஷர் என்பார்கள். என்னிடம் "மூலம்" என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களில் கணிசமான பேருக்கு இருப்பது மூலமே அல்ல. வெடிப்பு, சீழ்க்கட்டி, பௌத்திரம், வெறும் அரிப்பு, சில சமயம் புற்றுநோய் என எல்லாவற்றுக்கும் சேர்த்து நம்மிடையே ஒரே சொல்தான் புழங்குகிறது. நோய் வேறாக இருந்தால் வைத்தியமும் வேறு. எட்டு மாதமாக உங்களுக்குக் குணமாகாததற்குக் காரணம் அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

முதலில் அந்த இடத்தின் அமைப்பைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஆசனவாய்க் குழாய் மொத்தமே 3 முதல் 4 சென்டிமீட்டர், சுண்டுவிரல் நீளம்கூட இல்லை. அதன் நடுவே பல்வரிசை போல ஒரு கோடு வட்டமாக ஓடுகிறது. கோட்டுக்கு மேலே இருப்பது குடலின் சவ்வு. அதில் ஊசி குத்தினாலும் வலி தெரியாது. கோட்டுக்குக் கீழே இருப்பது தோலைச் சேர்ந்தது, மிகக் கூர்மையான உணர்ச்சி உள்ளது. இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டாலே பாதி நோய்களைப் பிரித்தறியலாம். கோட்டுக்கு மேலே உண்டாகும் உள்மூலம் ரத்தம் சொட்டும், ஆனால் வலிக்காது. கோட்டுக்குக் கீழே உண்டாகும் வெடிப்பில் ரத்தம் கொஞ்சம்தான் வரும், ஆனால் வலி உயிர் போகும்.

இந்தக் குழாயைச் சுற்றி இரண்டு சுருக்குத் தசைகள் இருக்கின்றன. வெளித்தசையை நாம் நினைத்தால் இறுக்கலாம், தளர்த்தலாம். உள்தசை நம் சொல் கேட்காது. தூங்கும்போதும் தானாகவே இறுகி நின்று, கசிவு இல்லாமல் காப்பது அதுதான். உங்கள் கதையில் முக்கியமான ஆள் இந்த உள்தசை. அதற்கு அப்புறம் வருகிறேன்.

மூலத்தைப் பற்றி ஒரு விஷயம் பலருக்கும் தெரியாது. மூலம் புதிதாக முளைக்கிற கட்டி அல்ல. எல்லோருக்குமே பிறப்பிலிருந்து ஆசனவாய்க்குள் மூன்று மெத்தைகள் உண்டு. இடது பக்கம் ஒன்று, வலது முன்புறம் ஒன்று, வலது பின்புறம் ஒன்று. ரத்தக் குழாய்களும் மெல்லிய தசைநார்களும் கலந்த இந்த மெத்தைகள், வாயைக் காற்றுக்கூடக் கசியாமல் மூட உதவுகின்றன. ஆசனவாய் ஓய்வாக இருக்கும்போது உள்ள அழுத்தத்தில் 15 முதல் 20 சதவீதம் இவற்றால் கிடைப்பது. மூலம் என்பது நாளங்கள் புடைத்துக்கொள்ளும் நோய் என்றே வெகுகாலம் நம்பி வந்தார்கள். 1975-இல் தாம்சன் என்ற பிரிட்டிஷ் அறுவை மருத்துவர் இந்த மெத்தைகளை விவரித்து, அவற்றைப் பிடித்து நிறுத்தும் நார்கள் தளர்ந்து மெத்தைகள் கீழே சரிவதுதான் மூலம் என்று காட்டினார். வருடக்கணக்காக முக்கி முக்கிப் போனால், கழிப்பறையில் நெடுநேரம் உட்கார்ந்தே இருந்தால், அல்லது கர்ப்ப காலத்தில், அந்தப் பிடிமானம் நைந்துபோகிறது.

அப்படிச் சரிந்த மெத்தை ரத்தம் மட்டும் விட்டால் முதல் நிலை. முக்கும்போது வெளியே வந்து தானாகவே உள்ளே போனால் இரண்டாம் நிலை. விரலால் தள்ளினால்தான் போகும் என்றால் மூன்று. தள்ளினாலும் உள்ளே நிற்காவிட்டால் நான்கு. மூலத்தில் வருவது பளிச்சென்ற சிவப்பு ரத்தம். மலத்தோடு கலக்காமல், கடைசியில் சொட்டுச் சொட்டாகவோ சில நேரம் பீய்ச்சியோ வரும். பார்த்தவர் வெலவெலத்துப் போய்விடுவார், ஆனால் வலி இருக்காது. முதல் இரண்டு நிலைகளுக்குப் பெரும்பாலும் மலத்தை இளக்கினாலே போதும். ரத்தக் கசிவைக் குறைக்க டயோஸ்மின் வகை மாத்திரைகள் ஓரளவு உதவும். அதிலும் அடங்காவிட்டால் ரப்பர் வளையம் போடுவோம். மயக்க மருந்து தேவையில்லை. சரிந்த மெத்தையின் மேல்பகுதியை இழுத்து, கோட்டுக்கு மேலே, அதாவது வலி தெரியாத இடத்தில், ஒரு சின்ன ரப்பர் வளையத்தை மாட்டிவிடுகிறோம். ரத்த ஓட்டம் இல்லாமல் அது வாடி, 5 முதல் 10 நாளில் வளையத்தோடு உதிர்ந்துவிடும். உதிரும் நாளில் கொஞ்சம் ரத்தம் வருவது சகஜம். நிற்காமல் போனால் மட்டும் உடனே மருத்துவமனைக்கு வர வேண்டும். வளையம் போட்ட பிறகு வலி கூடிக்கொண்டே போய், காய்ச்சலும் வந்து, சிறுநீரும் கட்டிக்கொண்டால் அது மிக அபூர்வமான, ஆனால் ஆபத்தான தொற்று. விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

வலிக்கிற மூலமும் ஒன்று உண்டு. திடீரென்று ஒரு நாள், ஆசனவாய் விளிம்பில் நீலம் பாரித்த ஒரு உருண்டை, திராட்சை அளவுக்கு, தொட்டாலே துடிக்கும். அது வெளிமூலத்தில் ரத்தம் உறைந்து நிற்பது. முதல் இரண்டு மூன்று நாள்தான் கொடுமை. அதற்குள் வந்தால், மரத்துப்போக ஊசி போட்டு அதை எடுத்துவிடலாம், நிம்மதி உடனே கிடைக்கும். நாலைந்து நாள் கடந்து வலி இறங்கத் தொடங்கிவிட்டால் வெட்ட அவசியமே இல்லை. உடலே அதைக் கரைத்துவிடும்.

சரி, இப்போது உங்கள் விஷயத்துக்கு வருகிறேன்.

வெடிப்பு என்பது ஆசனவாய்த் தோலில் நீளவாக்கில் விழும் கிழிசல். குளிரில் உதடு வெடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். இதுவும் ஏறக்குறைய அதுதான். இறுகிய மலம் வெளியே வரும்போது தோல் கிழிகிறது. சில நேரம் கடுமையான பேதிக்குப் பிறகும் வரும். பத்தில் ஒன்பது பேருக்கு இது முதுகுப்புறம், நட்டநடுவில்தான் இருக்கும். அங்கே ரத்த ஓட்டம் இயல்பிலேயே குறைவு. உதட்டு வெடிப்பு நாலு நாளில் ஆறுகிறது, இது மட்டும் ஏன் மாதக்கணக்கில் இழுக்கிறது? காரணம், நான் மேலே சொன்ன அந்த உள்தசை. கிழிசல் வலித்ததும் அது வெடுக்கென்று இறுகிக்கொள்கிறது. மலம் கழித்து முடித்த பிறகும் உங்களுக்கு ஒன்றிரண்டு மணி நேரம் வலிக்கிறதே, அது புண்ணின் வலி மட்டும் அல்ல, பெரும்பங்கு தசை இறுகி நிற்கும் வலி. தசை இறுகினால், ஏற்கெனவே குறைவாக இருக்கும் ரத்த ஓட்டம் இன்னும் குறைகிறது. ரத்தம் போகாத இடத்தில் புண் எப்படி ஆறும்? அடுத்த நாள் வலிக்குப் பயந்து நீங்கள் மலத்தை அடக்குகிறீர்கள். அடக்கிய மலம் உள்ளேயே காய்ந்து கல்லாகிறது. அது வெளியே வரும்போது பாதி ஆறிய புண்ணை மறுபடி கிழிக்கிறது. எட்டு மாதமும் இந்தச் சுழலில்தான் மாட்டியிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

இப்படி உள்ளவர் என் அறைக்குள் வரும்போதே எனக்குப் பெரும்பாலும் தெரிந்துவிடும். நாற்காலியின் ஓரத்தில், ஒரு பக்கத் தொடையில் பாரத்தைப் போட்டுச் சாய்ந்து உட்காருவார். "சாப்பிடவே பயமா இருக்கு டாக்டர், சாப்பிட்டா போகணுமே" என்பார். சாப்பாட்டைக் குறைத்துக் குறைத்து மெலிந்தே போனவர்களைப் பார்த்திருக்கிறேன். வெடிப்பின் அளவு நகக்கண் நீளம்கூட இருக்காது. ஆனால் ஒரு மனிதரின் முழு நாளையும் அது தின்றுவிடும். வீட்டில் யாரிடமும் சொல்ல முடியாத வலி வேறு.

இன்னொன்றையும் கவனியுங்கள். வெடிப்பு ஆறு எட்டு வாரம் தாண்டி நாள்பட்டுவிட்டால், அதன் வெளி நுனியில் தோல் தடித்து, சின்னதாக ஒரு தொங்கு சதை வளரும். கழுவும்போது விரலில் தட்டுப்படும். "இதோ மூலம் வெளியே வந்துவிட்டது" என்று பலரும் முடிவுகட்டுவது இதைத் தொட்டுப் பார்த்துத்தான். அது மூலம் அல்ல. உள்ளே ஒரு வெடிப்பு இருக்கிறது என்று காட்டுகிற அடையாளம். அதை மட்டும் வெட்டி எடுத்தாலோ சுட்டுப் பொசுக்கினாலோ வெடிப்பு ஆறாது.

வைத்தியம் மூன்று படி. முதல் படி, மலம் எந்த நாளும் இறுகாமல் பார்த்துக்கொள்வது. பற்பசை பிதுங்கி வருவதுபோல் மிருதுவாக, ஆனால் உருவத்தோடு வர வேண்டும். அதற்குச் சாப்பாட்டில் ஒரு நாளைக்கு 25 முதல் 30 கிராம் நார்ச்சத்து வேண்டும். காய், கீரை, பழம், பயறு வகைகள், தவிடு நீக்காத தானியம் ஆகியவற்றில் அது இருக்கிறது. ஒரே நாளில் அள்ளிப் போட்டுக்கொண்டால் வயிறு உப்பிவிடும். இரண்டு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். போதாதபோது இசப்கோல் உமி, நிறையத் தண்ணீரோடு. தண்ணீர் குறைந்தால் அதுவே அடைத்துக்கொள்ளும். அதிலும் சரிவராவிட்டால் லாக்டுலோஸ் அல்லது பாலிஎத்திலீன் கிளைக்கால் போன்ற மலமிளக்கிகள். இவை குடலுக்குள் நீரைத் தக்கவைத்து மலத்தை இளக்குபவை. பழகிப்போய்விடுமோ என்று பயந்து பலர் நாலே நாளில் நிறுத்திவிடுகிறார்கள். புண் ஆறி முடியும் வரை, மருத்துவர் சொன்ன அளவில் சில வாரங்கள் எடுத்துக்கொள்ளலாம். அரைகுறையாக நிறுத்துவதால்தான் மறுபடி கிழிகிறது.

இதோடு வெந்நீரில் உட்காருவது. அகலமான டப்பில் பொறுக்கக்கூடிய இளஞ்சூட்டில் தண்ணீர் ஊற்றி, இடுப்பு நனைய 10 முதல் 15 நிமிடம், மலம் கழித்தவுடன் ஒரு தடவை, நாளில் இன்னும் ஒன்றிரண்டு தடவை. உப்போ கிருமிநாசினியோ வேண்டாம், புண் எரியும். சூடு அந்த இறுகிய தசையை இளக்குகிறது, அதுதான் பலன். புதிதாக வந்த வெடிப்பு இந்த முதல் படியிலேயே பாதிக்குப் பாதி ஆறிவிடும்.

இரண்டாம் படி, தசையைத் தளர்த்தும் களிம்பு. டில்டியாசெம் 2 சதவீதம், நிஃபெடிபின், நைட்ரோகிளிசரின் ஆகிய மூன்றில் ஒன்று. இவை மருத்துவர் எழுதித் தர வேண்டியவை. நீங்கள் எட்டு மாதமாகப் போடுவது பெரும்பாலும் மரத்துப்போகும் மருந்தும் ஸ்டீராய்டும் கலந்த மூலக் களிம்பாக இருக்கும். அது கொஞ்ச நேரம் எரிச்சலை மறைக்கும், தசையை ஒன்றும் செய்யாது. ஸ்டீராய்டை மாதக்கணக்கில் போட்டால் அங்குள்ள தோல் மெலிந்து, இன்னும் எளிதாகக் கிழியும். அதனால்தான் அதை ஓரிரு வாரத்துக்கு மேல் போடக் கூடாது என்கிறோம். தசைத் தளர்த்திக் களிம்பைப் பட்டாணி அளவு விரல் நுனியில் எடுத்து, விளிம்பிலும் சற்றே உள்ளேயும் தடவ வேண்டும், நாளைக்கு இரண்டு வேளை, விடாமல் 6 முதல் 8 வாரம். வலி இரண்டாவது வாரத்திலேயே குறைந்துவிடும். அப்போது நிறுத்திவிடக் கூடாது, ஏனென்றால் புண் அப்போது பாதிதான் ஆறியிருக்கும். நைட்ரோகிளிசரின் போட்டால் தலைவலி வரலாம். ஆண்மைக் குறைவுக்கு சில்டெனாஃபில் வகை மாத்திரை எடுப்பவர்கள் அதைத் தொடவே கூடாது, ரத்த அழுத்தம் சட்டென்று விழுந்துவிடும். நாள்பட்ட வெடிப்பில் இந்தக் களிம்புகளால் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு ஆறுகிறது. ஆறாதவர்களுக்கு உள்தசையில் பொட்டுலினம் ஊசி போடலாம். அது தசையை மூன்று மாதம் போல தளர்த்தி வைத்துவிட்டுத் தானாகவே விலகிவிடும்.

மூன்றாம் படிதான் நீங்கள் பயப்படுகிற ஆபரேஷன். உள்தசையின் ஓரத்தில் ஒரு சின்னப் பகுதியை மட்டும் வெட்டி இறுக்கத்தைக் குறைப்பது. பத்தில் ஒன்பது பேருக்கு மேல் இதில் ஆறிவிடுகிறது. வெடிப்புக்கு இதைவிட உறுதியான வைத்தியம் இல்லை. உங்கள் பயத்தில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். சிலருக்குக் காற்றை அடக்கச் சிரமம் வரும், உள்ளாடையில் லேசான கசிவு தெரியும். பலருக்கு அது சில வாரங்களில் சரியாகிவிடுகிறது, சிலருக்கு நீடிக்கிறது. மலமே அடக்க முடியாமல் போவது அபூர்வம். வெளித்தசையை யாரும் தொடுவதில்லை. ஆனால் கடினமான பிரசவம் கண்ட பெண்கள், ஏற்கெனவே அந்த இடத்தில் ஆபரேஷன் ஆனவர்கள், அடிக்கடி பேதி ஆகிறவர்கள் விஷயத்தில் நான் தசையை வெட்ட அவசரப்பட மாட்டேன். அவர்களுக்கு ஊசிதான் முதலில். நீங்கள் இன்னும் முதல் இரண்டு படிகளையே ஒழுங்காக ஏறவில்லை. அதனால் இப்போதே ஆபரேஷனை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

வெடிப்பு நட்டநடுவில் இல்லாமல் பக்கவாட்டில் இருந்தாலோ, ஒன்றுக்கு மேல் இருந்தாலோ, வலியே இல்லாமல் ஆழமாக இருந்தாலோ கதை வேறு. குரோன் நோய் (குடலில் வரும் நாள்பட்ட அழற்சி), காசநோய், எச்.ஐ.வி., சிஃபிலிஸ் என்று தேட வேண்டும். மருந்துக்கடைக் களிம்பால் இதையெல்லாம் கண்டுபிடிக்க முடியாது, பார்த்தால்தான் தெரியும்.

இனி லேசர். லேசர் ஒரு கருவி, அவ்வளவுதான். இரண்டாம், மூன்றாம் நிலை மூலத்தில் மெத்தைக்குள் லேசர் இழையைச் செலுத்திச் சுருங்க வைக்கிறார்கள், வெட்டி எடுப்பதைவிட வலி குறைவு, மறுபடி வருவதற்கான வாய்ப்புச் சற்று அதிகம். நான்காம் நிலைக்கு இன்றும் வெட்டி எடுப்பதுதான் நிலையான வழி. மில்லிகனும் மார்கனும் 1937-இல் விவரித்த அந்த முறையைச் சிறு மாற்றங்களோடு இப்போதும் செய்கிறோம். இரண்டு மூன்று வாரம் வலிக்கும், அதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். வெடிப்பைப் பொறுத்தவரை, ஆற்றுவது தசையின் தளர்ச்சிதான், ஒளி அல்ல. யாராவது உங்கள் வெடிப்புக்கு லேசர் என்று சொன்னால், "அதை வைத்து எதை வெட்டப் போகிறீர்கள், தசையையா, வெளிச் சதையையா?" என்று தயங்காமல் கேளுங்கள். நல்ல மருத்துவர் படம் வரைந்தே காட்டுவார்.

பௌத்திரத்தையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் தாமதித்தால் அதிகம் கெடுதல் செய்வது இந்தக் குடும்பம்தான். நான் சொன்ன பல்வரிசைக் கோட்டில் சின்னச் சின்னச் சுரப்பிகள் இருக்கின்றன. அதில் ஒன்று அடைத்துச் சீழ் பிடித்தால் ஆசனவாய்ப் பக்கத்தில் கட்டி கிளம்பும். வெடிப்பின் வலி மலம் கழிப்பதோடு சேர்ந்து வந்து போகும். சீழ்க்கட்டியின் வலி அப்படி அல்ல, இரவு பகலாக விண்விண்ணென்று தெறிக்கும், காய்ச்சல் வரும், உட்கார விடாது. அதற்கு மாத்திரையால் மட்டும் தீர்வு கிடையாது. கீறிச் சீழை வெளியேற்ற வேண்டும், அதுவும் அன்றைக்கே. தானாக உடையட்டும் என்று பற்றுப் போட்டுக் காத்திருப்பது தவறு. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குத் தொற்று ஓரிரு நாளில் சுற்றியுள்ள சதைக்குப் பரவி உயிருக்கே ஆபத்தாகிவிடும்.

கீறிவிட்ட பிறகும் மூன்றில் ஒருவருக்கு, சில கணக்குகளில் இருவரில் ஒருவருக்கு, உள்ளே இருக்கும் சுரப்பிக்கும் வெளித் தோலுக்கும் நடுவே ஒரு குழல் தங்கிவிடுகிறது. அதுதான் பௌத்திரம். பரு மாதிரி ஒரு வாய் திறக்கும், சீழ் வடியும், மூடிக்கொள்ளும், "ஆறிவிட்டது" என்று நினைப்பீர்கள், ஒரு மாதத்தில் அதே இடத்தில் வீங்கி உடையும். இந்தத் திறந்து மூடும் விளையாட்டை வருடக்கணக்கில் பொறுத்துக்கொண்டிருப்பவர்கள் உண்டு. மருந்தால் அந்தக் குழல் மூடாது. பிரான்ஸ் மன்னர் 14-ஆம் லூயிக்கும் இதே பௌத்திரம்தான். களிம்புகளையெல்லாம் போட்டுப் பார்த்துவிட்டு, 1686 நவம்பரில் ஃபெலிக்ஸ் என்ற அறுவை மருத்துவர் கத்தி வைத்த பிறகுதான் குணமானது. மயக்க மருந்து இல்லாத காலம் அது.

குழல் தசைக்கு எவ்வளவு குறுக்கே போகிறது என்பதை வைத்துத்தான் வைத்தியம். மேலோட்டமான குழலைத் திறந்துவிட்டால் அடியிலிருந்து ஆறிவரும். அதிகத் தசையைக் கடந்து போனால், திறந்துவிடுவது மலக் கட்டுப்பாட்டைப் பாதிக்கும். அப்போது எம்.ஆர்.ஐ. எடுத்துப் பாதையை வரைந்துகொண்டு, நூல் கட்டி வைப்பது, தசைகளுக்கு நடுவே குழலைக் கட்டி அறுப்பது என்று தசையைக் காப்பாற்றும் வழிகளுக்குப் போவோம். ஆயுர்வேதத்தில் மருந்து ஏற்றிய காரநூலைக் கட்டி மெதுவாக அறுக்கும் முறையும் முறையாகச் சோதிக்கப்பட்ட ஒன்றுதான். ஆறுவதற்கு நாள் கூடும், பலன் உண்டு. ஆனால் உடலமைப்பு தெரிந்தவர் கையில் மட்டும். அனுபவமில்லாதவர் கம்பி விட்டுத் துழாவி ஒரு குழலை மூன்றாக்கி அனுப்பியதை நான் சரிசெய்ய நேர்ந்திருக்கிறது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அரிப்பு மட்டும் இருந்தால், பல சமயம் காரணம் அழுக்கு அல்ல, அளவுக்கு மீறிய சுத்தம். சோப்பு, வாசனைத் துடைப்பான் எல்லாவற்றையும் நிறுத்தி, வெறும் தண்ணீரில் கழுவி, தேய்க்காமல் ஒற்றி உலர்த்துங்கள். இரவில் மட்டும் அரித்தால், முக்கியமாகக் குழந்தைகளுக்கு, கீரைப்பூச்சியை நினைக்க வேண்டும். அப்போது வீட்டில் எல்லோருக்கும் சேர்த்து மருந்து. நடு இரவில் சில நிமிடம் பளீரென்று குத்தி, சுவடில்லாமல் மறையும் வலி வெறும் தசைப் பிடிப்பு, கெடுதல் இல்லை. வயதானவர்களுக்கு முக்கும்போது குடலே வட்ட வட்ட மடிப்பாக வெளியே வந்தால் அது மலக்குடல் சரிவு. மூலம் என்று நினைத்து அதைத் தள்ளிக்கொண்டே காலம் கடத்தக் கூடாது.

இப்போது நான் சொல்லாமல் விடவே கூடாத விஷயம். ஐம்பதைத் தாண்டிய ஒருவர் ஒரு வருடமாக மூலத்துக்கு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மலத்தோடு கலந்து ரத்தம், போய்விட்டு வந்த பிறகும் இன்னும் மிச்சம் இருப்பது போன்ற உணர்வு. பலரிடம் வாயால் சொல்லி மருந்து வாங்கியிருக்கிறார், ஒருவரும் விரல் வைத்துப் பார்க்கவில்லை. நான் பரிசோதித்தபோது விரல் நுனியில் கரடாக, விளிம்பு தூக்கலாக, அசைத்தால் அசையாத ஒரு மேடு. மலக்குடல் புற்றுநோய். மூலமும் அவருக்கு இருந்தது, அதுதான் எல்லோரையும் ஏமாற்றியது. விரலுக்கு எட்டுவது 7, 8 சென்டிமீட்டர்தான், ஆனால் மலக்குடல் புற்றுநோய்களில் கணிசமானவை அந்த எல்லைக்குள்ளேயே வருகின்றன. ரத்தம் அடர் சிவப்பாகவோ மலத்தோடு கலந்தோ வந்தால், மலம் போகும் பழக்கமே சில வாரங்களாக மாறியிருந்தால், எடை குறைந்தால், ரத்தசோகை வந்தால், நெருங்கிய உறவில் யாருக்காவது குடல் புற்றுநோய் இருந்திருந்தால், கொலோனோஸ்கோப்பி, அதாவது கேமரா பொருத்திய குழாயை விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் பரிசோதனை, செய்தே ஆக வேண்டும். 45 வயதுக்கு மேல் புதிதாக ரத்தம் வந்தால், மூலம் கண்ணுக்குத் தெரிந்தாலும் நான் பெருங்குடலைப் பார்க்கச் சொல்வேன். தார் போலக் கறுப்பாகப் போனால் ரத்தம் இரைப்பைப் பக்கமிருந்து வருகிறது, அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இரும்புச்சத்து மாத்திரையாலும் மலம் கறுக்கும், ஆனால் தார் போல ஒட்டாது, அந்தத் துர்நாற்றமும் இருக்காது.

கூச்சத்தைப் பற்றிக் கேட்டீர்கள். உள்ளே என்ன நடக்கும் என்று தெரிந்தால் பாதிக் கூச்சம் போய்விடும். திரைச்சீலை போட்ட கட்டிலில் இடது பக்கமாகத் திரும்பிப் படுத்து, முழங்காலை வயிற்றோடு மடக்கிக்கொள்ளச் சொல்வோம். மேலே துணி போர்த்தியிருக்கும். வெடிப்பு இருக்கும் என்று சந்தேகப்பட்டால், விளிம்பை மெதுவாக விலக்கிப் பார்ப்பேன். பல நேரம் அதிலேயே வெடிப்பு கண்ணுக்குத் தெரிந்துவிடும். அன்று விரல் வைக்கவே மாட்டேன், வலியோடு விரலை விடுவது தேவையில்லாத சித்திரவதை. அந்தப் பரிசோதனையை வலி குறைந்த பிறகு, நாலைந்து வாரம் கழித்துச் செய்வோம், ஆனால் செய்யாமல் விட மாட்டோம். "வலிக்கிறது, நிறுத்துங்கள்" என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. துணைக்கு ஒருவரை உள்ளே வைத்துக்கொள்ளலாம், உங்கள் பாலினத்தைச் சேர்ந்த மருத்துவரையும் கேட்கலாம். மொத்தம் சில நிமிட வேலை.

அதுவரை கழிப்பறைப் பழக்கத்தை மாற்றிக்கொள்ளுங்கள். செல்போனை வெளியே வைத்துவிட்டுப் போங்கள். ஐந்து நிமிடத்தில் வரவில்லை என்றால் எழுந்து வந்துவிட்டு, உந்துதல் வந்ததும் மறுபடி போகலாம். மேற்கத்தியக் கழிப்பறை என்றால் காலடியில் ஒரு குட்டை முக்காலி போட்டு முழங்கால் இடுப்பைவிட உயர்ந்திருக்குமாறு உட்காருங்கள். மலக்குடலை மடக்கிப் பிடித்திருக்கும் தசை அப்போது தளர்ந்து பாதை நேராகிறது. காலை உணவுக்குப் பிறகு பெருங்குடல் தானாகவே இயங்கும், அந்த நேரத்தை விட்டுவிடாதீர்கள். வலி மாத்திரையாக டிராமடால், கோடீன் வகை எதையாவது சாப்பிட்டு வந்தால் அதுவே மலத்தை இறுக்கும், மருத்துவரிடம் சொல்லுங்கள்.

இந்த வாரமே போய்விடுங்கள். உள்ளே போனதும் "மூலம் இருக்கிறது" என்று ஆரம்பிக்க வேண்டாம், அது அவரையும் அதே தடத்தில் இழுத்துவிடும். "எட்டு மாதமாக மலம் கழிக்கும்போது வலி, அதற்குப் பிறகு இத்தனை மணி நேரம் வலி, ரத்தம் இப்படி வருகிறது, பரிசோதித்துப் பாருங்கள்" என்று மட்டும் சொல்லுங்கள். இப்போது போடுகிற களிம்பின் டியூபையும் கையோடு எடுத்துப் போங்கள். அதில் ஸ்டீராய்டு இருக்கிறதா, எத்தனை மாதமாகத் தோலில் பட்டு வருகிறது என்பது அவருக்குத் தெரிய வேண்டும்.